இறப்புக்குப் பின் ஒரு நிமிடம்

ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளி இறந்ததும் மானிட்டரை அணைக்கிறோம், குழாய்களை எடுக்கிறோம், பதிவேட்டில் நேரம் எழுதுகிறோம். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் டிரிப் முடிந்திருக்கும். வருத்தப்படவே நேரமில்லை. அந்த வருத்தம் வீடு வரை கூடவே வந்து பிள்ளைகள் மேல் எரிச்சலாக விழுகிறது.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியராக இருந்த ஜொனாதன் பார்ட்டல்ஸ் இதற்கு ஒரு எளிய வழக்கத்தைத் தொடங்கினார். பெயர் 'தி பாஸ்' (The Pause), அதாவது ஒரு சிறு இடைநிறுத்தம். இறப்பை அறிவித்ததும், யாரும் கலைந்து போகும் முன், ஒருவர் இப்படிச் சொன்னால் போதும்: "இவர் ஒரு குடும்பத்துக்கு வேண்டியவர். நம்மால் முடிந்ததை நாமும் செய்தோம். கொஞ்ச நேரம் அமைதியாக நிற்போம்." உறவினர்கள் உள்ளே இருந்தால் அவர்களும் சேர்ந்து நிற்கலாம். எந்த மதத்து வழிபாடும் இதில் இல்லை.

டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. முதல் தடவை கூச்சமாகத்தான் இருக்கும். உடன் வேலை செய்யும் இரண்டு பேரிடம் முன்பே பேசி வையுங்கள். அவசர கேஸ் காத்திருக்கிறதா? பதினைந்து விநாடி நின்றாலும் சரி.

ஆள் பற்றாக்குறையும் டபுள் டியூட்டியும் இதனால் தீராது. அதை நிர்வாகத்திடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்புறம், தூக்கம் கெட்டு, டியூட்டிக்குக் கிளம்பவே பயமாக இருந்தால் 14416-க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், நைட் ஷிப்ட் நேரத்திலும் எடுப்பார்கள்.