சுரைக்குடுவையில் மாத்தே: முதல்முறை போடுபவர்களுக்கு

மாத்தே என்பது உலர்ந்த இலைத்தூளில் வெந்நீர் ஊற்றி, குழலால் உறிஞ்சிக் குடிக்கும் தென் அமெரிக்கப் பானம். அது ரொம்பக் கசப்பு என்று ஒரு வாயோடு வைத்துவிடுபவர்கள் பெரும்பாலும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிப் போட்டதைத்தான் குடித்திருப்பார்கள். தண்ணீர் சூடு கொஞ்சம் குறைவாக இருக்கணும், இலை முழுவதையும் ஒரேயடியாக நனைக்கக் கூடாது. இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் ஒரு குடுவை இலையில் ஒரு பிளாஸ்க் தண்ணீர் தீரும்வரை குடிக்கலாம்.

தேவையானவை குறைவுதான். யெர்பா என்னும் உலர்ந்த இலைத்தூள், சுரைக்குடுவை, பொம்பிஷா, ஒரு பிளாஸ்க். பொம்பிஷா என்பது அடியில் வடிகட்டி வைத்த உலோக உறிஞ்சுகுழல். குடுவை வேறு எதுவுமில்லை, நாம் கூட்டு வைக்கும் அதே சுரைக்காய் இனம்தான். முற்றிக் காய்ந்து ஓடு கெட்டியானதும் மேல்பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். யெர்பாவில் அர்ஜென்டினா வகை காம்புத் துண்டுகளோடு வரும், சுவை சற்று மென்மையாக இருக்கும். உருகுவேக்காரர்கள் விரும்புவது காம்பு இல்லாத தூள். தெற்குப் பிரேசிலின் வகை பச்சைப் பசேலென்று மாவு மாதிரி நைசாக இருப்பதால் குழலைச் சீக்கிரம் அடைக்கும். முதலில் காம்பு உள்ளதையே வாங்குங்கள். அர்ஜென்டினாவுக்குப் போய்த் திரும்பியவர்கள் வழியாக இந்தப் பழக்கம் சிரியாவுக்கும் லெபனானுக்கும் போய் வேரூன்றிவிட்டது. அதனால் வளைகுடாவில் இருப்பவர்கள் சிரிய மளிகைக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம்.

குடுவையைப் பழக்குதல்

புதுக் குடுவையில் நேராகக் குடிக்கத் தொடங்காதீர்கள். உள்ளே யெர்பாவைப் போட்டு, வெந்நீர் ஊற்றி நனைத்து, ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் கொட்டிவிட்டு, உள்சுவரில் ஊறித் தளர்ந்த சதையை ஸ்பூனால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். அடியில் காம்பு இருந்த இடத்தை மட்டும் அழுத்தக் கூடாது. அது பெயர்ந்தால் குடுவை ஒழுகும். இன்னொரு நாளும் இதையே செய்து, கழுவி, நன்றாகக் காயவிட்டால் தயார். கண்ணாடி, உலோகக் குவளைகளுக்கு இந்த வேலை இல்லை.

இலையைச் சரித்தல்

குடுவையில் மூன்றில் இரண்டு பங்குக்கு யெர்பா போடுங்கள். டீத்தூள் அளவில் பழகியவர்களுக்கு இது அநியாயமாகத் தோன்றும், ஆனாலும் குறைக்காதீர்கள். வாயை உள்ளங்கையால் மூடி, தலைகீழாகக் கவிழ்த்துச் சில தடவை குலுக்குங்கள். நைசான தூள் கையில் ஒட்டும். அதை ஊதிவிடுங்கள். மிச்சத் தூளும் மேலே வந்துவிடுவதால் குழல் அடைபடுவது குறையும்.

அப்புறம் குடுவையைச் சாய்த்தபடியே மெல்லத் திருப்புங்கள். இலை ஒரு பக்கச் சுவரில் மேடாகச் சரிந்து நிற்க வேண்டும், எதிர்ப்பக்கம் பள்ளமாக இருக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் ஊற்றி ஓரிரு நிமிடம் காத்திருங்கள். இலை அதைக் குடித்து உப்பி, மேடு சரியாமல் நிற்கும். இனி குடுவையை நிமிர்த்தலாம். பொம்பிஷாவின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, நனைந்த பக்கத்தில் அடிவரை செருகுங்கள். செருகிய பிறகு அதை ஆட்டக் கூடாது, கிண்டவும் கூடாது. புதிதாகக் குடிப்பவர்கள் கை தானாகக் கிண்டப் போகும். கிண்டினால் தூள் குழலை அடைத்துவிடும், கட்டிய மேடும் கலைந்துபோகும்.

தண்ணீர் ஊற்றுதல்

சூடு 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் போதும். தெர்மாமீட்டர் இல்லையா? பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பி, தண்ணீர் லேசாகச் சத்தம் போடத் தொடங்கும்போது இறக்கிப் பிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள். பொம்பிஷாவை ஒட்டிய பள்ளத்திலேயே, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். மேட்டின் உச்சி காய்ந்தே இருக்கட்டும். முழுக்க நனைத்தால் முதல் இரண்டு சுற்றில் கசப்பெல்லாம் ஒன்றாக இறங்கிவிடும், அதற்குப் பிறகு வெறும் தண்ணீர்தான். பள்ளத்தில் நுரை கட்டினால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதல் சுற்று கடுமையாகவும் தூளாகவும் இருக்கும். அதனால்தான் கூட்டமாகக் குடிக்கும்போது ஊற்றித் தருபவரே முதலில் குடிப்பார். அவரைச் செபதோர் என்கிறார்கள். உறிஞ்சும்போது அடியில் களகளவென்று சத்தம் வரும்வரை குடித்து முடித்து, அவரிடமே குடுவையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் நிரப்பி அடுத்தவருக்குத் தருவார். எல்லோருக்கும் ஒரே குழல். இனி வேண்டாம் என்னும்போதுதான் 'கிராசியாஸ்', அதாவது ஸ்பானிஷில் நன்றி, சொல்ல வேண்டும். மரியாதைக்கென்று முதல் சுற்றிலேயே சொல்லிவிட்டால் அடுத்த சுற்றில் உங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள். கொரோனா காலத்திலிருந்து தனிக் குடுவை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. தனியாகக் குடித்தாலும் மாத்தே நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தச் சுற்று இருக்கிறதே, அது எனக்கு இலையைவிடப் பிடித்த விஷயம்.

சுவை மங்கும்போது மேட்டின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் நனையும்படி ஊற்றுங்கள். இப்படிச் சிறிது சிறிதாகக் காய்ந்த இலையை உள்ளே இழுக்க வேண்டும். எல்லாம் நனைந்து, துண்டுகள் மேலே மிதக்க ஆரம்பித்தால் சாரம் தீர்ந்தது. கசப்பு தாங்காதவர்கள் சர்க்கரை சேர்க்கலாம், அங்கேயே அப்படிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். வெயில் கொளுத்தும் பராகுவேயில் இதே இலையை ஐஸ் தண்ணீரில் போட்டுத் தெரெரே என்று குடிப்பார்கள். நம் சித்திரை வெயிலுக்கு அதை நான் சிபாரிசு செய்வேன்.

இதில் காஃபின் உண்டு, ராத்திரி தூக்கம் கெடும். சூட்டிலும் கவனம் தேவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல், 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வர வாய்ப்பிருக்கிறது என்று வகைப்படுத்தியது. ஆகவே ஊற்றிய உடனே உறிஞ்சாமல், சற்று ஆறவிட்டு நிதானமாகக் குடியுங்கள்.

குடித்து முடித்ததும் இலையை உடனே கொட்டிவிடுங்கள். சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் அலசி, உள்ளே துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ஈரத்தோடு அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். பொம்பிஷாவின் வடிகட்டி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றிக் கழுவுங்கள்.