டேப்லெட் ஆன் ஆகவில்லையா? ரீஸ்டோரைத் தொடுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

ராத்திரி வரை ஒழுங்காக ஓடிய டேப்லெட் காலையில் கருப்புத் திரையோடு கிடக்கும், பவர் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் அசையாது. உடனே ரீஸ்டோர் செய்வது எப்படி என்று தேட ஆரம்பிக்காதீர்கள். ரீஸ்டோர் என்றால் உள்ளே இருக்கிற படம், குறிப்பு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக சாஃப்ட்வேர் ஏற்றுவது. போனது சார்ஜா, திரையா, சாஃப்ட்வேரா என்று தெரியாமலே அதைச் செய்வது, தலைவலிக்குத் தலையை எடுக்கிற வேலை.

முதலில் சார்ஜ். "ராத்திரி முழுக்கப் போட்டேனே" என்பீர்கள், போட்டது எதில் என்பதுதான் கேள்வி. கணினியின் பழைய யுஎஸ்பி போர்ட் 5 வோல்ட்டில் 0.5 ஆம்பியர், அதாவது 2.5 வாட்தான் தரும். டேப்லெட்டின் பெரிய பேட்டரிக்கு 10 வாட்டாவது இருந்தால்தான் ஒழுங்காக ஏறும். அப்புறம், மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த டேப்லெட் என்றால் பேட்டரி அடிமட்டத்துக்கு வற்றிப் போயிருக்கும். லித்தியம் அயன் பேட்டரி அந்த அளவுக்கு இறங்கிவிட்டால், சார்ஜிங் சர்க்யூட் பாதுகாப்புக்காக முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் மின்சாரத்தை உள்ளே விடும், அந்த நேரத்தில் திரையில் பேட்டரி படம்கூட வராது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு "செத்துப் போச்சு" என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம். சுவர் பிளக்கில், நல்ல சார்ஜரில், குறைந்தது ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள், நடுவில் பட்டனை நோண்டாதீர்கள்.

அப்போதும் அசையவில்லையா, கேபிளை மாற்றுங்கள், சார்ஜரை மாற்றுங்கள், அதே சார்ஜரில் வேறு ஒரு சாதனம் ஏறுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சார்ஜிங் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சும் தூசியும் அடைத்து, கேபிள் முழுவதும் உள்ளே போகாமல் நிற்பது சாதாரணம். மரப் பல்குச்சியால் மெதுவாக எடுத்துவிடலாம், குண்டூசி மட்டும் வேண்டாம். பின்பக்கம் உப்பியிருக்கிறது, திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் இந்தக் குறிப்பை இங்கேயே மூடிவிட்டு சார்ஜரைப் பிடுங்குங்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும், அதை அழுத்திப் பார்ப்பதும் ஆபத்து.

அடுத்தது கட்டாய ரீஸ்டார்ட். இதில் எதுவும் அழியாது, பயப்படாமல் செய்யலாம். ஹோம் பட்டன் உள்ள ஐபேட் என்றால் ஹோமையும் பவர் பட்டனையும் சேர்த்து, ஆப்பிள் லோகோ வரும்வரை பிடியுங்கள். ஹோம் பட்டன் இல்லாததில் பவர் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள வால்யூம் பட்டனை ஒரு தட்டு, தள்ளி இருக்கிற வால்யூம் பட்டனை ஒரு தட்டு, அப்புறம் பவரை அழுத்திப் பிடித்தபடி லோகோவுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு தட்டும் விறுவிறுவென்று இருக்க வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். சாம்சங் டேப்லெட்டில் பவரும் வால்யூம் குறைக்கும் பட்டனும் சேர்த்து பத்து விநாடி போல. அமேசான் ஃபயரில் பவர் பட்டனை மட்டும் 40 விநாடி. கை வலிக்கும், விடாதீர்கள்.

திரை இன்னும் இருட்டாகவே இருந்தாலும் டேப்லெட் உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். கணினியில் செருகும்போது ஏதாவது சத்தம் வருகிறதா, கணினி அதைக் கண்டுகொள்கிறதா என்று பாருங்கள். இருட்டறையில் திரைமேல் சாய்வாக டார்ச் அடித்தால் மங்கலாக உருவம் தெரிகிறதா? தெரிந்தால் போனது திரைக்குப் பின்னால் எரிகிற லைட் மட்டும்தான். டேட்டா பத்திரமாக உள்ளே இருக்கிறது, திரையை மாற்றினால் போதும், ரீஸ்டோர் பக்கமே போக வேண்டாம்.

லோகோவோடு நின்றுவிடுகிறது, அல்லது திரும்பத் திரும்ப அணைந்து எரிகிறது, இந்த இரண்டும்தான் பெரும்பாலும் சாஃப்ட்வேர் கோளாறு. ஐபேடைக் கணினியில் செருகி, மேலே சொன்ன அதே பட்டன் வரிசையைச் செய்யுங்கள், ஆனால் லோகோ வந்தபிறகும் கையை எடுக்காமல், கேபிளும் கணினியும் உள்ள படம் வரும்வரை பிடியுங்கள். அதுதான் ரெக்கவரி மோட், கணினி வழியாகச் சாஃப்ட்வேரைச் சரிசெய்கிற நிலை. மேக்கில் ஃபைண்டர், விண்டோஸில் ஐடியூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் திறந்திருக்க வேண்டும். அது 'அப்டேட்', 'ரீஸ்டோர்' என்று இரண்டு வழி காட்டும். முதலில் அப்டேட்டைத்தான் தொட வேண்டும். அது டேட்டாவை வைத்துக்கொண்டே சாஃப்ட்வேரை மட்டும் திரும்ப ஏற்றிப் பார்க்கும். டவுன்லோட் 15 நிமிடத்துக்கு மேல் இழுத்தால் டேப்லெட் தானாக ரெக்கவரி மோடிலிருந்து வெளியே வந்துவிடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம், டவுன்லோட் முடிந்ததும் மறுபடி அதே பட்டன்கள்.

அப்டேட் கைகொடுக்காவிட்டால் மட்டும் ரீஸ்டோர். அதுவும் பாதியில் எர்ரர் காட்டி நின்றால் எண்ணைக் கவனியுங்கள். 9, 4013, 4014 போன்றவை வந்தால் நடுவில் இணைப்பு அறுந்திருக்கிறது என்று அர்த்தம், 3194 வந்தால் கணினியால் ஆப்பிள் சர்வரைத் தொட முடியவில்லை, ஃபயர்வாலையும் (இணைப்புகளைத் தடுக்கிற பாதுகாப்பு சாஃப்ட்வேர்) ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் (எந்த சர்வர் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று கணினியில் உள்ள பட்டியல்) பாருங்கள். ஒருமுறை நான் முழு மாலையும் ரீஸ்டோர், எர்ரர், ரீஸ்டோர், எர்ரர் என்று ஓட்டி, உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டே போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் நடுவில் இருந்த யுஎஸ்பி ஹப்தான் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கிற பெட்டி) வில்லன். ஹப்பை எடுத்துவிட்டுக் கணினியிலேயே நேராகச் செருகினேன், முதல் தடவையிலேயே முடிந்துவிட்டது. சார்ஜ் ஏற்றுகிற கேபிள் எல்லாம் டேட்டா கடத்தும் என்றும் நம்பாதீர்கள், சிலதில் மின்சாரத்துக்கான கம்பி மட்டும்தான் இருக்கும்.

ஆண்ட்ராய்டில் டேப்லெட்டை அணைத்துவிட்டுப் பவரோடு ஒரு வால்யூம் பட்டனைப் பிடித்தால் ரெக்கவரி மெனு வரும், எந்த வால்யூம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். புதிய சாம்சங் டேப்லெட்டுகளில் கேபிள் வழியாகக் கணினியில் செருகியிருந்தால்தான் அது திறக்கும். படுத்துக் கிடக்கிற ரோபோவும் 'நோ கமாண்ட்' என்ற வரியும் வந்தால் பவரைப் பிடித்தபடி வால்யூம் கூட்டும் பட்டனை ஒரு தட்டு தட்டுங்கள். மெனுவில் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' இருந்தால் முதலில் அது, தற்காலிக ஃபைல்களைத்தான் துடைக்கும், உங்கள் ஃபைல் எதையும் தொடாது. 'வைப் டேட்டா' என்பது எல்லாவற்றையும் அழிப்பது, இரண்டும் மெனுவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், வால்யூம் பட்டனால் நகர்த்தும்போது கவனம்.

அழித்து முடித்தாலும் டேப்லெட் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும், ஐபேட் ஆப்பிள் கணக்கையும் ஆண்ட்ராய்டு கூகுள் கணக்கையும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது, ரீஸ்டோரால் போகாது. பாஸ்வேர்டு நினைவில் இல்லையென்றால் ரீஸ்டோருக்கு முன்பே இன்னொரு சாதனத்தில் அதை மீட்டு வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால் விற்றவர் தன் கணக்கிலிருந்து நீக்கித் தர வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் உயிர் வரவில்லையென்றால் பேட்டரி, சார்ஜிங் போர்ட், போர்டு இதில் ஏதோ ஒன்று. பழுது பார்க்கக் கொடுக்கும்போது எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள், கணினி அதைக் கண்டுகொண்டதா, எந்த எர்ரர் எண் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். டேட்டா வேண்டுமென்றால் அதை முதல் வரியிலேயே பெரிதாக எழுதுங்கள், ஏனென்றால் கையில் வாங்கியதும் அவர்கள் முதலில் செய்து பார்ப்பதும் அந்த ரீஸ்டோராகவே இருக்கலாம்.