சுழற்சி முறை மேய்ச்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர்த் தொட்டியை மறப்பது போன்ற, மறுநாளே தெரிந்துவிடும் பிழைகளை விட்டுவிடுகிறேன். இறைச்சி மாடு வளர்ப்பில் புதிதாக இறங்குபவர்கள், எங்களைப் போன்றவர்கள் செய்து பார்த்துக் கைவிட்டவற்றையே மீண்டும் செய்வதைக் கண்டு எழுதுபவை இவை.

செயலி மணியடித்தால் மந்தையை மாற்றுவது

அண்மையில் ஒருவர் தம் மேய்ச்சல் நிலத்தைப் 10 அடைப்புகளாகப் பிரித்து, அடைப்புக்கு 3 நாள் என்று கைபேசிச் செயலியில் பதிந்து, அது சொன்னபடியே மந்தையை நகர்த்தி வந்தார். ஒவ்வோர் அடைப்புக்கும் 27 நாள் ஓய்வு கிடைத்தது. மழைக்காலத்தில் அது போதுமானதாகவும் இருந்தது. மழை நின்று புல் வளர்ச்சி மந்தமானதும், தீவனம் போதவில்லை என்று எண்ணி அவர் 2 நாளுக்கு ஒருமுறை மாற்றத் தொடங்கினார். எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இந்த அவசரம்தான். புல்லுக்குக் கூடுதல் ஓய்வு தேவைப்படும் நேரத்தில், அவருடைய கணக்கில் ஓய்வு 18 நாளாகச் சுருங்கிவிட்டது.

கடிபட்ட புல், தூரிலும் வேரிலும் சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்தே புதிய இலை விடுகிறது. அந்த இலை இழந்த சத்தை ஈட்டித் தருவதற்குள் மீண்டும் கடிபட்டால் வேர் குன்றுகிறது. மாடு சுவையான புல்லைத் தேடித் தேடிக் கடிப்பதால் நல்ல புல்லே முதலில் அழிகிறது. அந்த இடத்தைக் களை பிடித்துக்கொள்கிறது. பிறகு உலர்தீவனமும் வாங்க வேண்டும், விதையும் வாங்க வேண்டும், மாட்டின் எடையும் ஏறாது. ஓய்வுக் காலத்தைப் புல்லின் வளர்ச்சியே தீர்மானிக்க வேண்டும் என்று பிரெஞ்சு நாட்டவரான ஆந்த்ரே வுவாசன் 1950களிலேயே வற்புறுத்தினார். செயலியை எழுதியவர்களுக்கு அது எட்டவில்லை போலும்.

அடுத்த அடைப்பு தேறவில்லை என்றால், ஓர் அடைப்பை மட்டும் பலிகொடுக்கத் துணிந்து, மந்தையை அங்கேயே நிறுத்தி உலர்தீவனம் போடுங்கள். விற்கவேண்டிய மாடுகளை எடை இறங்கும் முன்பே விற்றுவிடுங்கள்.

எர்த் கம்பியில் சிக்கனம்

விலையுயர்ந்த மின்வேலிக் கருவியை வாங்கிவிட்டு, மண்வழியே மின்சுற்றை முடித்துவைக்கும் எர்த் கம்பியாகக் காய்ந்த மண்ணில் ஒரே ஒரு குட்டைக் கம்பியை அடித்து வைத்தால் மாட்டுக்கு அதிர்ச்சி உறைக்காது. வேலியின் கடைக்கோடியில் அளந்து பாருங்கள். 3,000 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பழகிய மாடுகூட வேலியை மதிக்காது.

பசித்த மாட்டை ஈரமான குதிரைமசாலில் விடுவது

கூடாது. குதிரைமசால் (லூசர்ன்) என்னும் பயறுவகைத் தீவனப் பயிரை அப்படி மேய்ந்தால் வரும் வயிற்று உப்புசம் சில மணி நேரத்தில் மாட்டைக் கொன்றுவிடும்.

கழுத்துப்பட்டை வந்த அன்றே வேலியைப் பிரிப்பது

கம்பிவேலிக்குப் பதிலாக மாட்டின் கழுத்தில் மாட்டும் மின்னணுப் பட்டை இது; செயலியில் வரைந்த எல்லையை மாடு நெருங்கினால் முதலில் ஒலி எழுப்பும், மீறினால் சிறு அதிர்ச்சி தரும். ஒலி கேட்டதும் திரும்ப வேண்டும் என்று மாடு கற்றுக்கொள்ளும்வரை பழைய வேலி நிற்கட்டும்.