கிரஃபைட் படிகம் வளர்ப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

தென்னாப்பிரிக்காவின் நியூகாசல் உருக்காலையிலிருந்து பெரியப்பா வீட்டுக்கு வரும்போது சட்டைக் காலரில் கறுப்பாக ஏதோ மினுங்கும். கார்பனின் ஒரு வடிவமான கிரஃபைட்தான் அது; ஆலையில் அதற்குப் பெயர் ‘கிஷ்’. உருகிய இரும்பு ஆற ஆற, கரைந்திருந்த கார்பன் தகடு தகடாகப் பிரிந்து மேலே மிதக்கும். இரும்பைவிட மூன்று மடங்கு இலேசு அல்லவா!

டர்பனில் இதையே சின்ன உலையில் செய்ய வருகிற பிள்ளைகள், உருக்கியதும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். வேலையே அங்கேதான் தொடங்குகிறது. 1500 டிகிரியில் இரும்பு சுமார் 5.2 சதவீதம் கார்பனைக் கரைத்து வைத்திருக்கும். 1154 டிகிரிக்கு இறங்கும்போது 4.3தான். அந்த வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் படிகம். 100 கிராம் இரும்பில் ஒரு கிராம்கூடத் தேறாது. மணிக்குச் சில டிகிரி என்று இறக்கினால் அகலமான தகடு வரும். அவசரப்பட்டால் ஆயிரம் இடத்தில் ஒரே நேரத்தில் முளைத்துப் பொடியாகிவிடும். கடைசிக் கட்டத்தில் சட்டென்று குளிர்ந்தால், மிச்சக் கார்பன் கிரஃபைட்டாகாமல் இரும்புக் கார்பைடாக இறுகிவிடும்.

2023இல் எனக்கு நடந்தது இது. உலை 1400இல் இருக்கும்போது லோட் ஷெடிங், கரண்ட் போய்விட்டது. மறுநாள் மூசையை, அதாவது இரும்பை உருக்கும் கிண்ணத்தை, உடைத்தால் மிளகுத்தூள் மாதிரிதான் இருந்தது. அதிலிருந்து, ஜெனரேட்டர் தயாரா என்று பார்க்காமல் நான் உலை ஏற்றுவதில்லை.

கையில் கிடைத்த பழைய இரும்பைப் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் கிரஃபைட் உருவாவதையே தடுக்கும்; சிலிக்கன் இருந்தால் நல்லது, உதவும். உலைக்குள் காற்று புகாமல் காக்கும் ஆர்கான் வாயுவின் ஓட்டம் நின்றால் சூட்டில் கிரஃபைட் எரிந்தே போகும். ஈர மூசையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். உள்ளே நீராவி வெடித்தால் உருகிய இரும்பு முகத்தில் தெறிக்கும்.

அப்புறம் அமிலம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரும்பைக் கரைக்கும், கிரஃபைட்டைத் தொடாது. தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். ஹைட்ரஜன் கிளம்பும், பக்கத்தில் நெருப்பு கூடாது, புகைபோக்கி ஓடட்டும்.

கழுவிய தகட்டை இடுக்கியால் பிடிப்பதுதான் கடைசித் தவறு. நகம் பட்டாலே மடிந்துவிடும், அவ்வளவு மெல்லிசு. தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் காகிதத்தைச் செலுத்தித் தூக்குங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால் கண்ணாடி போல் ஒளிரும். சில ஓரங்கள் 120 டிகிரியில், அறுகோணத்தின் மூலையாகவே தெரியும்.