ஜெஃபர்சன் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா? அமெரிக்க முன்னோடித் தலைவர்களின் டைரிகளை இணையத்தில் படிக்கும் முறை

"நிரந்தர விழிப்பே சுதந்திரத்தின் விலை." தாமஸ் ஜெஃபர்சன் சொன்னதாக இதைப் பேச்சுப் போட்டிகளில் கேட்டிருப்பீர்கள், காலை வணக்கப் படங்களிலும் பார்த்திருப்பீர்கள். ஜெஃபர்சன் எழுதியவற்றில் இந்த வாக்கியம் இதுவரை அகப்படவில்லை. அவர் வாழ்ந்த மான்டிசெல்லோ இல்லத்தைப் பராமரிக்கும் அறக்கட்டளை, இப்படி அவர் தலையில் கட்டிய வாசகங்களுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. "குறைவாக ஆளும் அரசே சிறந்த அரசு" என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அண்ணன் மகளின் பேச்சுப் போட்டி உரையைச் சரிபார்க்க உட்கார்ந்ததில்தான் இந்த வழிகளெல்லாம் எனக்குப் பழக்கமாயின. வாஷிங்டன், ஜான் ஆடம்ஸ், ஜெஃபர்சன், மேடிசன் போன்றவர்களின் கடிதங்களும் டைரிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. உறுப்பினர் சேர்க்கை எதுவும் கிடையாது. ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்து, கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

படி 1: எந்தத் தளம்?

என் ஓட்டு ஃபவுண்டர்ஸ் ஆன்லைனுக்குத்தான். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பதிப்பகத்துடன் சேர்ந்து 2013 ஜூனில் தொடங்கிய தளம் இது. 1,85,000-க்கு மேற்பட்ட ஆவணங்கள் இதில் இருக்கின்றன. ஃபிராங்க்ளின், ஹாமில்டன், ஜான் ஜே ஆகியோரின் தாள்களும் இங்கேயே உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பதிப்புக் குழு பல பத்தாண்டுகளாக வேலை செய்து, அடிக்குறிப்போடு அச்சிட்ட தொகுதிகளைத்தான் ஒரே தேடுபெட்டிக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஜெஃபர்சன் வரிசையின் முதல் தொகுதி வந்தது 1950-இல்.

மூலக் கையெழுத்தைப் பார்க்கும் ஆசை இருந்தால் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துக்குப் போங்கள். ஆடம்ஸ் குடும்பத்துக்கு மட்டும் மாசச்சூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் தளம். அங்கே கையெழுத்துப் படமும் அச்செழுத்தும் சேர்ந்தே கிடைக்கும்.

எங்கே போகக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் கடிதங்களைத் தேடினால் ஜாரெட் ஸ்பார்க்ஸ் 1830-களில் வெளியிட்ட 12 தொகுதிகளின் ஸ்கேன்கள் வந்து நிற்கும். பழைய புத்தகம், நம்பலாம் என்று தோன்றும். ஆனால் இந்த மனிதர் வாஷிங்டனின் மொழியையே "திருத்தி" அச்சிட்டவர். ஜெனரல் புட்னமை வாஷிங்டன் செல்லமாக 'ஓல்ட் புட்' என்று எழுதிய இடத்தை 'ஜெனரல் புட்னம்' ஆக்கினார். ஒரு தொகையை வாஷிங்டன் வெறும் தெள்ளுக்கடி என்று எழுதியிருந்தார். ஸ்பார்க்ஸ் அதை "நம் தேவைக்கு முற்றிலும் போதாதது" என்று பட்டும் படாமலும் மாற்றிவிட்டார். இது போதாதென்று, வாஷிங்டன் முதல் பதவியேற்புக்கு எழுதிவைத்திருந்த, பேசாமல் விட்ட உரையின் வரைவைத் துண்டுதுண்டாக வெட்டி, கையெழுத்து சேகரிப்பவர்களுக்கு நினைவுப் பொருளாகக் கொடுத்தார். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

படி 2: தேடுவது

அனுப்புநர், பெறுநர், தேதி மூன்றுக்கும் தனித்தனி வடிகட்டிகள் இருக்கின்றன. மேற்கோளைச் சரிபார்க்க முழு வாக்கியத்தையும் போடாதீர்கள். வேறெங்கும் வர வாய்ப்பில்லாத மூன்று நான்கு சொற்களை மட்டும் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். 'பப்ளிக்' என்பதன் கடைசியில் ஒரு 'கே' சேர்த்து எழுதுவார்கள். 'கனெக்‌ஷன்' நடுவில் 'எக்ஸ்' போடுவார்கள். இன்றைய எழுத்தில் தேடி ஒன்றும் வரவில்லை என்பதால் அவர் அதைச் சொல்லவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பழைய கூட்டலிலும் ஒருமுறை தேடுங்கள்.

நமக்குப் பிடித்த பயிற்சி ஒன்று சொல்கிறேன். ஹைதர் அலியைத் தேடிப் பாருங்கள். 1780-இல் அவர் படை ஆற்காடு நவாபின் ஆட்சிப் பகுதிக்குள் இறங்கி, காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படையை முறியடித்தது. பிரிட்டனோடு போரில் இருந்த அமெரிக்கர்களுக்கு அது நல்ல செய்தி. பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்கே அவர் பெயர் இருந்தது. அந்தக் கப்பல் 1782 ஏப்ரலில் டெலவேர் விரிகுடாவில் 'ஜெனரல் மங்க்' என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. தேடும்போது 'அலி'க்கு ஒரு 'எல்', இரண்டு 'எல்', கடைசியில் 'ஐ', கடைசியில் 'ஒய்' என எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

படி 3: அடியிலிருந்து படியுங்கள்

நிறையப் பேர் தாண்டிப் போகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன். ஆவணத்தைத் திறந்ததும் கண் நேராகக் கடிதத்துக்குத்தான் போகும். போகட்டும். ஆனால் அதை நம்புவதற்கு முன் பக்கத்தின் கீழே போய், கடிதம் முடிந்தபின் வரும் மூலக் குறிப்பைப் பாருங்கள். சின்ன எழுத்தில், ஏதோ மருந்துச் சீட்டு மாதிரி, 'ஆர்சி, டிஎல்சி' என்று இருக்கும்.

'ஆர்சி' என்றால் பெறுநர் கைக்குப் போய்ச் சேர்ந்த பிரதி. 'எஃப்சி' என்றால் எழுதியவர் தன்னிடம் வைத்துக்கொண்ட கோப்புப் பிரதி. 'பிஆர்சி' என்பது அச்சுப்பொறி நகல். ஈர மையோடு இருக்கும் கடிதத்தின்மேல் மெல்லிய தாளை அழுத்தி எடுப்பது, ஜேம்ஸ் வாட் கண்டுபிடித்த முறை. ஜெஃபர்சன் இதை நிறையப் பயன்படுத்தினார். 'டிஆர்' என்று வந்தால் வேறு யாரோ பார்த்தெழுதியது. 'எல்பி', அல்லது ஆடம்ஸ் தொகுதிகளில் 'எல்பிசி', என்றால் கடிதப் புத்தகப் பிரதி. 'ஏஎல்எஸ்' என்று வந்தால் அவரே கைப்பட எழுதிக் கையெழுத்திட்டது. ஒவ்வொரு பதிப்புக் குழுவும் கொஞ்சம் வேறு வேறு சுருக்கம் வைத்திருக்கும். தொகுதியின் முன்னுரையில் விளக்கம் இருக்கும். அடுத்து வருவது எந்த நூலகத்தில் அந்தத் தாள் இருக்கிறது என்பது. 'டிஎல்சி' லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், 'எம்எச்ஐ' மாசச்சூசெட்ஸ் சங்கம்.

இதெல்லாம் எதற்கு? வாஷிங்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1754–55 காலத்தில், பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் இளம் அதிகாரியாக இருந்தபோது எழுதிய கடிதங்களின் நகல்களை ஒரு புத்தகத்தில் வைத்திருந்தார். முப்பது ஆண்டு கழித்து, புகழ்பெற்ற தளபதியான பிறகு, உட்கார்ந்து அந்த நகல்களின் நடையைத் திருத்தினார். பெறுநர் பிரதி கிடைக்காமல் 'எல்பி' மட்டும் இருக்கும் இடத்தில் நீங்கள் கேட்பது இருபத்துச் சொச்சம் வயது இளைஞனின் குரலா, ஐம்பதைத் தாண்டியவரின் குரலா? மூலக் குறிப்பைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

மேடிசனின் குறிப்புகள் இன்னும் பெரிய விஷயம். 1787-இல் பிலடெல்பியாவில் அரசியல் சாசன மாநாடு மூடிய கதவுகளுக்குள் நடந்தது. வாஷிங்டன் தலைமை தாங்கினார். ஆனால் அவருடைய டைரியில் விவாதம் கிடையாது. மாநாட்டுக்குப் போனேன், இன்னார் வீட்டில் சாப்பிட்டேன், அவ்வளவுதான். ரகசியம் காக்கிறாராம்! என்ன பேசினார்கள் என்பதற்கு மேடிசன் எழுதிவைத்த குறிப்புகளே முதன்மை ஆதாரம். அவர் 1836-இல் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் மனைவி டாலியிடமிருந்து நாடாளுமன்றம் 30,000 டாலருக்குத் தாள்களை வாங்கியது. 1840-இல் குறிப்புகள் அச்சேறின. இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் மேடிசன் அவற்றை எடுத்தெடுத்துத் திருத்திக்கொண்டே இருந்தார். 1819-இல் மாநாட்டின் அதிகாரபூர்வ நடவடிக்கைப் பதிவு வெளியானதும் அதைப் பார்த்தும் சேர்த்தார். ஆகவே "அன்று மாநாட்டில் இப்படித்தான் பேசினார்கள்" என்று எழுதுவதற்கு முன், "மேடிசனின் குறிப்பின்படி" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.

(இந்தக் குறிப்புகளை ஃபவுண்டர்ஸ் ஆன்லைனில் முழுதாகத் தேடாதீர்கள். மேடிசன் தொகுதியில் மேடிசனே பேசியவை மட்டும்தான் இருக்கின்றன. முழுசும் வேண்டுமென்றால் யேல் சட்டக் கல்லூரியின் அவலான் திட்டத் தளத்தில் நாள்வாரியாகக் கிடைக்கும்.)

சில பக்கங்களில் 'எர்லி ஆக்சஸ்' என்று எச்சரிக்கை இருக்கும். எழுத்துப்பெயர்ப்பு முடிந்தது, ஆனால் பதிப்பாசிரியர்கள் இன்னும் இறுதி செய்யவில்லை என்று பொருள். படிக்கலாம். மேற்கோள் காட்டினால் அதையும் சொல்லிவிடுங்கள். ஜெஃபர்சனும் மேடிசனும் எழுதிக்கொண்ட கடிதங்களில் திடீரென்று சாய்வெழுத்து வந்தால் ஏதோ அழுத்திச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அது எண்களால் எழுதிய சங்கேத மொழி. விடுவித்த பகுதியைப் பதிப்பாசிரியர்கள் அப்படிக் காட்டுகிறார்கள்.

படி 4: ஒரே தேதியில் இன்னொன்று இருக்கிறதா?

1776 ஜூலை 2 அமெரிக்க வரலாற்றிலேயே மறக்க முடியாத நாளாகும், ஊர்வலமும் வாணவேடிக்கையுமாகக் கொண்டாடுவார்கள் என்று ஜான் ஆடம்ஸ் மனைவி அபிகேலுக்கு எழுதினார். ஆம், ஜூலை 2. சுதந்திரத் தீர்மானம் நிறைவேறியது அன்றுதான். அறிக்கையின் வாசகத்தை ஏற்றதுதான் 4ஆம் தேதி. இந்தக் கடிதத்தைத் தேடுபவர்கள் ஜூலை 3 தேதியிட்ட ஒரு கடிதத்தைத் திறந்து, அந்த வரியைக் காணாமல் குழம்புவார்கள். அன்று ஆடம்ஸ் இரண்டு கடிதங்கள் எழுதினார். அந்த வரி இரண்டாவதில் இருக்கிறது. பிற்காலத்தில் அச்சிட்ட சில பதிப்புகளில், ஜூலை 4 கொண்டாட்டத்துக்குப் பொருந்துவதற்காகக் கடிதத்தின் தேதியையே ஜூலை 5 ஆக்கிவிட்டார்கள். பழைய மேற்கோள் நூல்களை நான் ஏன் நம்புவதில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

படி 5: டைரிகளில் எதை எதிர்பார்க்கலாம்

பெரிய நாளில் பெரிய பதிவு இருக்கும் என்று போனால் ஏமாற்றம்தான். 1776 ஜூலை 4-க்கு ஆடம்ஸ் டைரியில் பதிவே இல்லை. ஜெஃபர்சனின் கணக்குப் புத்தகத்தில் அன்று ஒரு வெப்பமானி வாங்கிய செலவும், பெண்களுக்கான ஏழு ஜோடிக் கையுறை வாங்கிய செலவும் இருக்கின்றன. வாஷிங்டன் 1775 ஜூனில் படைத்தலைமை ஏற்றதோடு டைரியை நிறுத்திவிட்டார். 1780-இல் கொஞ்சம் வானிலை. பிறகு 1781 மே மாதம் மீண்டும் தொடங்கும்போது, போர் ஆரம்பித்த நாளிலிருந்தே எழுதாமல் போனோமே என்று வருந்துகிறார்.

ஆகவே தொடங்குகிறவர்களுக்கு ஆடம்ஸையே சிபாரிசு செய்வேன். மனிதர் எல்லாவற்றையும் கொட்டுவார், தன்மேலேயே எரிச்சல்படுவார். 1755 நவம்பர் 18 அன்று, நிலநடுக்கத்தைப் பற்றி எழுதித்தான் டைரியைத் தொடங்குகிறார். வாஷிங்டனின் டைரியை விவசாயக் கணக்கு என்று நினைத்துப் படித்தால் சுவைக்கும்.

அமெரிக்க நாடாளுமன்ற மேலவையின் (செனட்) தொடக்க காலத்தைப் பற்றி அறிய வேண்டுமென்றால் பென்சில்வேனியா உறுப்பினர் வில்லியம் மக்லேயின் நாட்குறிப்பு. 1789–91-இல் மேலவையும் மூடிய கதவுகளுக்குள்தான் கூடியது. உள்ளே நடந்ததை வெடுக்வெடுக்கென்று எழுதிவைத்தவர் இவர். ஆடம்ஸை இவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிற்சேர்க்கை: பின்னூட்டத்தில் வந்த சந்தேகங்கள்

வாஷிங்டனின் பிறந்தநாள் பிப்ரவரி 11-ஆ, 22-ஆ என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டும் சரி. 1752-இல் பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் நாட்காட்டியை மாற்றி 11 நாள்களைத் தாண்டின. அதற்கு முன்பெல்லாம் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கும். அதனால் பழைய தாள்களில் ஜனவரி, பிப்ரவரி தேதிகளுக்கு 1731/32 என்று இரட்டை ஆண்டு போட்டிருக்கும். ஃபிராங்க்ளினின் இளமைக்காலக் கடிதங்களைப் படிப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். மற்றவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

ஜான் ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸின் டைரி ஃபவுண்டர்ஸ் ஆன்லைனில் பாதியில் நின்றுவிடுகிறதே என்று இன்னொருவர். அங்கே இருப்பது இளமைக் காலம் மட்டும். 1779-இல் 12 வயதில் தொடங்கி 1848-இல் இறக்கும்வரை எழுதிய 51 தொகுதிகளும் மாசச்சூசெட்ஸ் சங்கத்தின் தளத்தில் இருக்கின்றன. அதில் ஒரே நாளுக்கு ஒரு தொகுதியில் நீண்ட பதிவும் இன்னொன்றில் ஒற்றை வரியும் இருக்கலாம். தேதியைப் போட்டதும் ஒற்றை வரி வந்தால் அத்தோடு மூடிவிடாதீர்கள், அதே நாளுக்கு வேறு தொகுதி இருக்கிறதா என்று பாருங்கள்.