கைமாறுமா என்ற ஐயத்தில் இருக்கும் நிறுவனத்தின் ஒப்ஷனுக்கு விலை கூறும் முறை

ஒரு நிறுவனத்தைப் பங்கொன்று 50 டொலர் ரொக்கத்துக்கு வாங்குவதாக அறிவிப்பு வந்துவிட்டது. பேரம் நிறைவேறுமா என்ற ஐயத்தால் பங்கு 44 டொலரில் நிற்கிறது. நியூயோர்க் சந்தை திறக்கும் நேரம் கோடையில் கொழும்பில் இரவு 7 மணி. கொழும்பின் கோட்டைப் பகுதியில் அந்த நேரத்தில் கணினியின் முன் அமரும் இளைய வர்த்தகர்கள், ஒப்ஷன்களுக்கு, அதாவது குறித்த விலைக்குப் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களுக்கு, விலை கணிக்கும் பழகிய பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் தரும் விடையை அப்படியே நம்பிவிடக் கூடாது. விலை சிறுகச் சிறுக நகரும் என்பது அச்சூத்திரத்தின் அடிப்படை. இங்கோ பங்கு 50க்கு ஏறும், அல்லது பேரம் முறிந்து ஒரே நாளில், 30க்கு என்று வைத்துக்கொள்வோம், விழும்.

ஆகவே முதலில் பேரம் நிறைவேறும் நிகழ்தகவைக் காணுங்கள். வட்டியை ஒதுக்கிவிட்டால், 44க்கும் 30க்கும் உள்ள இடைவெளியான 14ஐ, 50க்கும் 30க்கும் உள்ள இடைவெளியான 20ஆல் வகுக்க, 70 சதவீதம் வரும். முடிவு தெரிந்த பின் காலாவதியாகும் 45 டொலர் கோல் ஒப்ஷன் (பங்கை 45 டொலருக்கு வாங்கும் உரிமை), பேரம் நிறைவேறினால் 5 டொலர் தரும் என்பதால் அதன் பெறுமதி 3.50. 40 டொலர் புட் (பங்கை 40 டொலருக்கு விற்கும் உரிமை), முறிந்தால் 10 டொலர் தரும் என்பதால் 3.00. முடிவு தெரியுமுன்னே காலாவதியாகக்கூடிய ஒப்ஷனுக்கு இது பொருந்தாது. அதற்குள் முடிவு வர 40 சதவீத வாய்ப்பே உண்டெனில், அதே புட் ஏறத்தாழ 1.20 மட்டுமே.

இனி இடர்காப்பு, அதாவது நட்டத்தை ஈடுகட்டும் எதிர் வர்த்தகம். 100 பங்குகளுக்குரிய ஒரு புட் ஒப்பந்தத்தை 3.00க்கு விற்றவர் 50 பங்குகளை 44இல் குறுவிற்பனை செய்யட்டும், அதாவது கடன் வாங்கி விற்று, பின்னர் வாங்கித் திருப்பிக் கொடுக்கட்டும். பேரம் முறிந்தால் புட்டில் 700 டொலர் போகும், பங்கில் 700 வரும். நிறைவேறினால் புட்டில் 300 வரும், பங்கில் 300 போகும். இரு பக்கமும் சரியாகிவிட்டதென்று தோன்றும். ஆனால் பங்கு 30இல் நிற்காமல் 24க்கு விழுந்தால், புட்டில் 1,300 போய்ப் பங்கில் 1,000 மட்டுமே வரும்.

இந்த இடத்தில்தான் முழுக் கவனமும் வேண்டும். பேர விலை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. வீழ்ச்சி விலையோ நமது ஊகம். அறிவிப்புக்கு முந்திய விலையை அப்படியே அடிமட்டமாக எடுப்பது ஆபத்தானது. டுவிட்டர் பங்கு, ஈலோன் மஸ்க் பங்கு வாங்கியிருந்தது 2022 ஏப்ரல் தொடக்கத்தில் வெளியாகுமுன் 39 டொலர் அளவில் இருந்தது. அம்மாதம் 25ஆம் திகதி 54.20 டொலருக்கு உடன்பாடானது. ஜூலை 8ஆம் திகதி அவர் விலகுவதாக அறிவித்ததும், அடுத்த வர்த்தக நாளில் பங்கு 33க்கும் கீழே முடிந்தது. பேரம் மீளும் வாய்ப்பு அப்போதும் உயிரோடுதான் இருந்தது, ஒக்டோபர் இறுதியில் அதே 54.20க்கு நிறைவேறியது, ஆயினும் 39ஐ அடிமட்டமென நம்பியவரின் புட் விலை தவறாகிவிட்டது. இடைக்காலத்தில் தொழில்நுட்பப் பங்குகள் பொதுவாகவே சரிந்திருந்தன. எனவே அதே துறையின் பிற பங்குகள் எவ்வளவு நகர்ந்தன என்று பார்த்து, அடிமட்டத்தை நாள்தோறும் திருத்துங்கள்.

அடிமட்டம் 24க்கும் 33க்கும் இடையில் எங்கும் இருக்கலாமெனில், 44 டொலர் பங்கு விலைக்கு 45 கோலின் பெறுமதி 3.24 முதல் 3.85 வரை, 40 புட்டின் பெறுமதி 2.47 முதல் 3.69 வரை அமையும். ஆகவே கோலை 3.20க்கு வாங்கி 3.90க்கு விற்பதாகக் கூறுபவர், புட்டுக்கு 2.45, 3.70 என ஏறக்குறைய இரு மடங்கு இடைவெளி விட வேண்டும். நீதிமன்றத் தீர்ப்போ ஒழுங்குமுறை முடிவோ வரவிருக்கும் நாளில், இடைவெளியை மேலும் விரிப்பதோடு ஒப்பந்த எண்ணிக்கையையும் குறையுங்கள். அன்று உங்களிடம் அவசரமாக வாங்க வருபவர் உங்களைவிட அதிகம் அறிந்தவராக இருக்கக்கூடும்.

ரொக்கப் பேரம் நிறைவேறியதும் ஒப்ஷன்கள் பேர விலைக்கும் ஒப்ஷனில் குறித்த விலைக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே தரும். மீதிக் காலத்துக்கான பெறுமதி மறைந்துவிடும். இரண்டு ஆண்டு தவணையுள்ள 50 டொலர் கோலுக்குப் பழைய சூத்திரப்படி விலை கொடுத்தவருக்கு, பேரம் 50இல் முடிந்த அன்று கையில் எதுவும் மிஞ்சாது.