ஒருவரின் இரக்கம் பலரை எட்டுவதற்கான வழி

பிறர் துன்பத்தைக் கண்டு மனம் இளகுவது எல்லோருக்கும் நேர்வதுதான். அந்த இளக்கம் ஆறிப்போவதற்குள் அதை ஒரு வேலையாக மாற்றிக்கொள்பவர்களே குறைவு. பலருக்கு உதவ வேண்டும் என்று எண்ணித் தொடங்குபவர் பெரும்பாலும் எங்கே தொடங்குவது என்று தெரியாமலே நின்றுவிடுகிறார். ஆகவே முதலில் ஒரே ஒருவரை, உங்கள் கைக்கு எட்டும் தொலைவில் இருப்பவரை, மனத்தில் கொள்ளுங்கள்.

அவருக்கு என்ன தேவை என்பதை நீங்களாகவே முடிவு செய்துவிடக் கூடாது. படுத்த படுக்கையாகிவிட்ட தாயை மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் ஒரு மகளிடம், "ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டு வந்தால் அவர் சொல்லப்போவதில்லை. வாய்விட்டுக் கேட்கும் கூச்சம் அவருக்கு இன்னொரு சுமையாகிவிடும். மாறாக, "வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு வந்து ஆறு மணி வரை அம்மாவோடு நான் இருக்கிறேன், நீங்கள் சற்றுத் தூங்குங்கள், எந்த மருந்தை எப்போது கொடுக்க வேண்டும் என்று மட்டும் எழுதி வைத்துவிடுங்கள், இல்லை, வேறு நாள் வசதி என்றாலும் சரி" என்று சொல்லிப் பாருங்கள். நாளும் நேரமும் வேலையும் தெளிவாக இருப்பதால் அவரால் தயங்காமல் ஒப்புக்கொள்ள முடியும், மறுக்கவும் முடியும். சொன்ன நாளில் தவறாமல் போய் நில்லுங்கள்.

அடுத்தது, விடாமல் செய்வது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாரிசன் பதினான்கு வயதில் மார்பு அறுவைச் சிகிச்சையின்போது பிறர் தந்த இரத்தத்தால் பிழைத்தார். பதினெட்டு வயதானதும், 1954-இல், தாமும் கொடையாளரானார். தாயின் இரத்தத்திற்கும் கருவிலுள்ள சேயின் இரத்தத்திற்கும் ஆர்.எச். வகை (இரத்தம் பாசிட்டிவா நெகட்டிவா என்பது) ஒத்துப்போகாதபோது, குழந்தையின் சிவப்பணுக்களைத் தாயின் உடலே அழிக்க நேரிடும். அதைத் தடுக்கும் மருந்துக்குத் தேவையான எதிர்ப்பொருள் அவருடைய இரத்தத்தில் இருந்தது. 2018 வரை 1,173 முறை கொடுத்தார்; சுமார் 24 லட்சம் குழந்தைகளுக்கு அது பயன்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. ஊசி கையில் ஏறுவதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பதுதான் என்னை மிகவும் நெகிழச் செய்கிறது. அச்சம் நீங்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை; நீங்களும் காத்திருக்க வேண்டாம்.

தேவை பெருகும்போது நல்ல மனம் மட்டும் போதாது, குறிப்பேடும் வேண்டும். இலண்டனில் பங்குத் தரகராக இருந்த நிக்கோலஸ் விண்டன், 1938-இன் இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில், நாஜிகளுக்கு அஞ்சி வந்திருந்த அகதிகளின் நிலையை நேரில் கண்டபோது அவருக்கு வயது 29. ஒவ்வொரு குழந்தைக்கும் பிரிட்டனில் வளர்ப்புக் குடும்பமும் 50 பவுண்டு உறுதித்தொகையும் இருந்தால்தான் அனுமதி கிடைக்கும் என்பதால், அவர் குழந்தைகளின் பட்டியலைத் தயாரித்தார், ஒளிப்படங்களைக் காட்டிக் குடும்பங்களைத் தேடினார், பகலில் தமது தொழிலைப் பார்த்துவிட்டு மாலையில் தாயாருடன் அமர்ந்து கடிதங்கள் எழுதினார். பிராகில் அகதிகளுக்கு உதவிவந்த டோரீன் வாரினர், டிரெவர் சாட்விக் போன்றோர் ஆபத்துக்கு நடுவே உழைத்தனர். 1939-இல், பெரும்பாலும் இரயில்களில், 669 குழந்தைகள் பிரிட்டனுக்குத் தப்பி வந்தனர். எனவே ஒரு நோட்டை எடுத்து, யாருக்கு என்ன தேவை, யார் செய்வதாகச் சொன்னார், எந்த நாளுக்குள், முடிந்ததா என நான்கு நெடுவரிசைகளாகப் பிரித்து எழுதி வாருங்கள். உதவி பெறுபவரின் படத்தையோ கதையையோ, அவர் முழு மனத்துடன் சம்மதித்தாலன்றி, எவருக்கும் காட்டாதீர்கள்.

உடல் சோர்ந்து எரிச்சல் தலைகாட்டத் தொடங்கினால், ஒரு வாரம் விலகி ஓய்வெடுங்கள். அதை மறைக்காமல் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் இல்லாமலும் வேலை நடக்க வழி செய்யுங்கள். 1859-இல் தொழில் நிமித்தம் பயணம் செய்த சுவிட்சர்லாந்து வணிகர் ஹென்றி டுனாண்ட், இத்தாலியில் நடந்த சோல்ஃபெரினோ போரில் காயமுற்று ஆயிரக்கணக்கானோர் கிடப்பதைக் கண்டு, அருகிலிருந்த ஊர்மக்களைத் திரட்டி, எந்தப் படையினர் என்று பாராமல் தண்ணீரும் கட்டுத்துணியும் கொடுக்கச் செய்தார். ஊர் திரும்பிய பிறகும் அவர் ஓயவில்லை; அமைதிக் காலத்திலேயே பயிற்சி பெற்ற தொண்டர் குழுக்களை ஏன் ஆயத்தமாக வைத்திருக்கக் கூடாது என்று 1862-இல் எழுதி வெளியிட்டார். மறு ஆண்டே ஜெனீவாவில் ஐவர் குழு ஒன்று அமைந்தது. செஞ்சிலுவை இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. உங்கள் அளவில் இதைச் செய்ய ஒரு தாள் போதும்: மருந்து நேரம், வீட்டுச் சாவி இருக்குமிடம், அழைக்க வேண்டிய மருத்துவரின் எண், அந்தத் தாய் விரும்பிக் கேட்கும் வானொலி நிகழ்ச்சி ஆகியவற்றை அதில் எழுதி, அடுத்த வியாழக்கிழமை ஒரு நண்பரை உடன் அழைத்துச் சென்று, அவரிடம் அதைக் கொடுத்துவிடுங்கள்.